அளக்காமல் எழுதிய 120/80



துணை சுகாதார நிலையத்தில் தனியாளாய் நிற்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களே, மலைக்கிராமங்களுக்கு நடந்தே போய்ச் சேரும் ஆஷா தோழர்களே, அங்கன்வாடி ஊழியர்களே, நள்ளிரவில் ஒற்றை ஆளாய் இரண்டு பிரசவ மேசைகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டாஃப் நர்ஸ்களே, 108 வண்டியின் ஓட்டுநர்களே, பிரசவ வார்டைக் கழுவித் துடைக்கும் தூய்மைப் பணியாளர்களே! உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். அவசரம். படித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுங்கள்.

ஊருக்கு உபதேசம் செய்யும்முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தோரு வருடம் நர்ஸம்மாவாக ஊர் ஊராய் நடந்தவள் நான். என் எல்லைக்குள் ஒரு பெண் இருந்தாள். தலைப்பிரசவம். பஞ்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஏழாம் மாதம் வரை போய்க்கொண்டிருந்தாள். அந்த வாரத்தில் எனக்கு இரண்டு முகாம், ஒரு கணக்கெடுப்பு, மாலைக்குள் அனுப்பியாக வேண்டிய மூன்று அறிக்கை. பிரஷர் கருவியில் பேட்டரி தீர்ந்து பத்து நாளாகியிருந்தது. வந்து உட்கார்ந்தாள். முகம் பூசினாற்போல் இருந்தது. "சதை போட்டிருக்கியேம்மா" என்று சிரித்தேன்; அவளும் சிரித்தாள். மோதிரம் விரலில் இறங்கவில்லை என்று அதைத் தாலிக்கயிற்றில் கோத்துப் போட்டிருந்தாள். அதையும் பார்த்தேன். அட்டையில் போன மாதம் 120/80. அதற்கு முந்தின மாதமும் 120/80. நானும் 120/80 என்று எழுதினேன்.

ஒன்பதாம் நாள் அவளுக்குத் தலைவலி. வெயிலில் நின்றதுதான் காரணம் என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தது. கேஸ் என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். விடியற்காலையில் கை கால் இழுத்தது. காத்துக்கருப்பு என்று பயந்து திருநீறு போட ஆளைத் தேடிப் போனார்கள். அதில் போனது ஒன்றரை மணி நேரம். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். தாய் பிழைத்தாள். பெண் குழந்தை, ஒரு கிலோ முந்நூறு கிராம். கண்ணாடிப் பெட்டியில் இரண்டு பகலும் ஓர் இரவும் இருந்தது.

படிவத்தில் இறப்புக்குக் காரணம் எழுதினார்கள்: குறைமாதம், எடைக் குறைவு. என் 120/80 அந்தப் படிவத்தில் எங்கும் இல்லை.

தோழர்களே, உங்கள் கையில் இருக்கும் அட்டைகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மாதத்துக்கு மாதம் அச்சடித்தாற்போல் ஒரே எண் இருந்தால் அது அளந்த எண் அல்ல. மனித உடம்பு அப்படி இருக்காது. 118 இருக்கும், 124 இருக்கும், 110 இருக்கும். எட்டு மாதமும் 120/80 என்றால் அந்த அட்டை நோயாளியைப் பற்றிச் சொல்லவில்லை, நம்மைப் பற்றிச் சொல்கிறது.

நாளொன்றுக்குப் பன்னிரண்டு

2022-இல் உலகம் முழுவதும் பிறந்து 28 நாள் நிறைவதற்குள் இறந்த குழந்தைகள் சுமார் 23 லட்சம். ஐந்து வயதுக்குள் சாகும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த 28 நாளுக்குள்ளேயே போய்விடுகிறார்கள். அதிலும் பெரும்பகுதி முதல் வாரத்தில். குறைப்பிரசவம், பிறந்தவுடன் மூச்சுவிடாமை, கிருமித்தொற்று என்ற மூன்றும்தான் முக்கிய எமன்கள். மூன்றுக்கும் வேர் பெரும்பாலும் தாயின் உடம்பிலும் பிரசவ அறையிலும் இருக்கிறது.

இந்தியாவின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, 2020-இல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 20 பேர் முதல் 28 நாளில் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 9 பேர். இருபதை ஒன்பதோடு ஒப்பிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். நமக்கு அந்த உரிமை உண்டு. வெயிலிலும் மழையிலும் நடந்த நம் கால்கள்தான் அந்த ஒன்பதைக் கொண்டுவந்தன. ஆனால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளத்தில் அதே ஆண்டு 4. பேறுகாலத்தில் இறக்கும் தாய்மார் கணக்கிலும் அதே கதைதான்: 2018-20 காலத்தில் லட்சம் பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19.

ஒன்பதுக்கும் நாலுக்கும் நடுவே ஐந்துதானே என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது லட்சம் பிறப்புகள். பெருக்கினால் 4,500 குழந்தைகள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு. தொட்டில் கட்ட எடுத்துவைத்த பன்னிரண்டு பழஞ்சேலைகள் ஒவ்வொரு நாளும் மடித்தபடியே பெட்டிக்குத் திரும்பின. பக்கத்து மாநிலத்தில் காப்பாற்ற முடிந்த உயிர்களை நம்மால் காப்பாற்ற முடியாது என்று விதியின் தலையில் பழியைப் போட நமக்கு வழியில்லை.

கடைமடைப் பயிர்

பிரஷர் தாய்க்கு வருகிறது, குழந்தை ஏன் சாகிறது என்று கிராமத்தில் கேட்பார்கள். இப்படிச் சொல்லுங்கள். கருவுற்ற முதல் மாதங்களில் கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்கள் அகலமாக வேண்டும், வாய்க்காலைத் தூர்வாரி அகலப்படுத்துவதுபோல. சில பெண்களுக்கு அது சரியாக நடப்பதில்லை. நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. தண்ணீர் வராத கடைமடையில் பயிர் என்ன ஆகுமோ அதுதான் குழந்தைக்கும். எடை ஏறாது, அசைவு குறையும். அதே நஞ்சிலிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் பொருள்கள் அவளுடைய குழாய்களைக் கெடுக்கின்றன. பிரஷர் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் இறங்குகிறது. சில நேரம் நஞ்சு முன்கூட்டியே பிய்ந்து, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டுகிறது. முடிவான வைத்தியம் ஒன்றுதான்: குழந்தையையும் நஞ்சையும் வெளியே எடுப்பது. முப்பதாவது வாரத்தில் எடுத்தால் அது குறைமாதக் குழந்தை. படிவத்தில் "குறைமாதம்" என்று எழுதுவது இப்படித்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் யாரும் அளக்காத ஒரு பிரஷர் ஒளிந்திருக்கலாம்.

இருபது வாரத்துக்குப் பிறகு 140/90 என்றால் எச்சரிக்கை. 160/110 என்றால் அது அவசரம். அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம் இருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்கவும் கூடாது. கால் வீங்கினால் ஆண் குழந்தை என்று சொல்லும் கிழவிகளிடம் சண்டை போடாதீர்கள். "சரி பாட்டி, ஆம்பளப் பிள்ளையே வரட்டும், பிரஷர் பார்த்துட்டுப் போகட்டும்" என்று சொல்லுங்கள்.

நம்மிடம் ஆயுதம் இல்லாமல் இல்லை. ஆபத்து அதிகமுள்ள தாய்க்கு மூன்றாம் நான்காம் மாதத்திலேயே டாக்டர் எழுதிக்கொடுக்கும் சிறிய அளவு ஆஸ்பிரின் இருக்கிறது. கால்சியம் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் கொடுக்கத்தக்க பிரஷர் மாத்திரைகள் இருக்கின்றன. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் இருக்கிறது; 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்வு, அந்த ஊசி வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று காட்டியது. குறைமாதத்தில் பிறக்கப்போகும் பிள்ளையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிய முதல் ஆய்வு நியூசிலாந்தில் 1972-லேயே வந்துவிட்டது. எல்லாம் மலிவு, எல்லாம் பழைய மருந்து. இத்தனையும் தொடங்குவது அந்த ஒரு எண்ணில். எண் பொய்யானால் மருந்து அலமாரியிலேயே கிடக்கும்.

முதல் பிள்ளையை இழந்த அந்தப் பெண் இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானாள். என்னிடமே வந்தாள். இந்த முறை மூன்றாம் மாதத்திலேயே டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன், ஆஸ்பிரின் தொடங்கியது. வாரம் தவறாமல் அவள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து அளந்தேன். முப்பத்திரண்டாம் வாரம் 146/94. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பார்த்தேன்: 148/94. அன்றைக்கே வண்டி ஏற்றினேன். மாத்திரையும் கண்காணிப்புமாக முப்பத்தாறு வாரம் வரை கொண்டுபோனார்கள். இரண்டு கிலோ நூறு, மறுபடி பெண். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். முதல் அட்டையில் நான் செய்ததை அந்தத் தாயிடம் இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

எப்படி அளப்பது

தெரிந்ததுதானே என்று தாண்டிப் போகாதீர்கள். நடந்து வந்தவளை ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். பாதம் தரையில் பதிய வேண்டும். ஜாக்கெட் கைக்கு மேலே பட்டையைச் சுற்றாதீர்கள். வெறும் கையில் சுற்றுங்கள். கை நெஞ்சின் மட்டத்தில் இருக்கட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை தப்பான எண்ணைக் காட்டும். அளக்கும்போது கதை கேட்காதீர்கள். அவளும் பேசக் கூடாது, நாமும் பேசக் கூடாது. கூடுதலாக வந்தால் சற்று நேரம் விட்டு மறுபடி. பிறகு சிறுநீர்ப் பரிசோதனை. கருவி இல்லாத நாளில் அட்டையில் என்ன எழுதுவது? "பார்க்கவில்லை, கருவி பழுது" என்று எழுதுங்கள். அந்த வெற்றிடம் மேலதிகாரியின் கண்ணை உறுத்தட்டும். அளக்காத எண் அந்த வெற்றிடத்தை மூடிவிடுகிறது. அதனால்தான் அது ஆபத்து.

மற்றவற்றையும் மறக்க வேண்டாம். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. ரத்தமில்லாத உடம்பு பிரசவத்துக்குப் பின் சின்ன ரத்தப்போக்கைக்கூடத் தாங்காது. எல்லாக் கர்ப்பிணிக்கும் சர்க்கரை பார்க்கும் வழக்கத்தை மருத்துவர் வி. சேஷய்யாவின் முயற்சியால் 2007-லேயே தொடங்கிய மாநிலம் இது. அந்தப் பெருமை கரைந்துபோகாமல் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வையுங்கள். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், பிள்ளையின் அசைவு குறைந்தால் ராத்திரியானாலும் கிளம்பச் சொல்லுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற சொல்தான் பல பிள்ளைகளைக் கொன்றது.

முதல் நிமிடம், முதல் நாள்

பிரசவ அறைத் தோழர்களே, இது உங்களுக்கு. பிறக்கும் நூறு குழந்தைகளில் பெரும்பாலானவை தாமாகவே அழும். பத்துப் பேரைத் துடைத்து முதுகை நீவிவிட்டால் போதும். நான்கைந்து குழந்தைகளுக்கு மட்டும் பை-முகமூடி வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு நமக்கு இருப்பது ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் அலமாரிச் சாவியைத் தேடக் கூடாது. ஷிஃப்டுக்கு வந்தவுடன் முகமூடியை உங்கள் உள்ளங்கையில் அழுத்தி, பையை ஒருமுறை பிழிந்து பாருங்கள். காற்றுக் கசிந்தால் அப்போதே மாற்றுங்கள். வலி எடுத்தவள் மேசைக்கு வருமுன் முடிய வேண்டிய வேலை அது.

பிறந்த பிள்ளையைத் துடைத்துத் தாயின் நெஞ்சில் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். குறைமாதப் பிள்ளையைத் தாயின் தோலோடு ஒட்டி வைக்கும் கங்காரு முறை, 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் கண்ணாடிப் பெட்டி போதாத ஒரு மருத்துவமனையில் பிறந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வந்த ஆய்வில், எடை குறைந்த பிள்ளைகளைப் பிறந்தவுடனேயே அப்படி வைத்தபோது இறப்பு கால்பங்கு குறைந்தது. தாயின் நெஞ்சுச் சூட்டுக்கு மின்வெட்டு கிடையாது.

வீட்டுக்குப் போகும் தோழர்களே, மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியை நினைவில் வையுங்கள். மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இருவரும் அங்கே கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது என்று 1999-இல் அவர்கள் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற பெண்கள். இன்று ஆஷா தோழர்கள் 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாள்களில் போய்ப் பார்ப்பது அந்த வேலையின் வாரிசுதான்.

போகும் வீட்டில் நமக்கு எதிரே நிற்பது வெறுப்பல்ல, பாசம். பாட்டி பாசத்தோடுதான் சேனை வைக்கிறாள்; தேனும் சர்க்கரைத் தண்ணீரும் பிள்ளையின் வயிற்றுக்கு விஷம் என்று பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டே சொல்லுங்கள். "ஏழு மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாசப் பிள்ளை பிழைக்காது" என்று கைகழுவும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது சுத்தப் பொய். வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. எட்டு மாதப் பிள்ளைக்கு ஏழு மாதப் பிள்ளையைவிடக் கூடுதல் வாய்ப்பு. பால் குடிக்க மறுத்தால், உடம்பு சில்லிட்டால், நெஞ்சு குழிய மூச்சு வாங்கினால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறினால், துவண்டு கிடந்தால் மந்திரிக்கப் போகாமல் வண்டியைக் கூப்பிட வேண்டும். இதை அந்த வீட்டு ஆண்களுக்கும் சொல்லுங்கள். வண்டியைக் கூப்பிடும் போன் பல வீடுகளில் அவர்கள் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

நாம் கேட்பது

குற்றத்தை நாமே சுமந்துகொண்டு மேலே இருப்பவர்களை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அளக்காமல் எழுதிய கை என்னுடையது. ஆனால் அளக்க நேரமும் கருவியும் இல்லாமல் செய்தது யார்? ஐயாயிரம் பேருக்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. பக்கத்து நிலையத்தில் இடம் காலியானால் அந்த ஐயாயிரமும் நம் தலையில். பகலெல்லாம் வீடுகள், இரவில் அதே விவரத்தை நோட்டிலும் செல்போனிலும் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். இலக்கை எட்டினாயா என்று கேட்பவர்கள், அந்தத் தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்பதில்லை.

ஆகவே ஒன்றாய்க் கேட்போம். காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். ஒவ்வொரு துணை நிலையத்துக்கும் ஓடுகிற கருவி இரண்டு, வேறு அளவுப் பட்டை ஒன்று, சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டைகள் தட்டாமல் கொடுங்கள். ஒரே விவரத்தை மூன்று இடத்தில் ஏற்றச் சொல்லாதீர்கள். இரவுப் பிரசவத்துக்கு மேசைக்கு ஒருவரைப் போடுங்கள். இறப்பு நடந்தால் ஆய்வு செய்யுங்கள். தாய் இறப்பு ஒவ்வொன்றையும் ஆராயும் வழக்கத்தை மற்ற மாநிலங்களுக்கு முன்பே தொடங்கிய மாநிலம் இது. ஆனால் அந்தக் கூட்டத்தைத் தண்டனைக் கூடமாக்காதீர்கள். மெமோவுக்குப் பயந்து எழுதும் கணக்கில் உண்மை இருக்காது. உண்மை இல்லாத கணக்கில் அடுத்த பிள்ளையும் சாகும்.

இந்தக் கோரிக்கைகளை நாம் உரத்துச் சொல்ல ஒரு தகுதி வேண்டும். நம் அட்டை பொய் சொன்னால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். எல்லாம் சரியாக இருக்கும் இடத்துக்கு யார் ஆள் போடுவார்கள்? யார் கருவி கொடுப்பார்கள்? உண்மையான எண்தான் தாயைக் காப்பாற்றும். நம் வேலையையும் அதுதான் காப்பாற்றும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை

அடுத்த ஆண்டு, அடுத்த திட்டம் என்று காத்திருக்க வேண்டாம். வரும் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கிளினிக்கில் தொடங்குவோம். வருகிற ஒவ்வொரு தாயையும் அளப்போம். அளந்ததை மட்டும் எழுதுவோம். 140/90 எட்டியவர்களை அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பி, பெயரைச் சிவப்பு மையில் தனியாக எழுதி, மூன்று நாளுக்குள் வீட்டில் போய்ப் பார்ப்போம். வராதவளைத் தேடிப் போவோம். வராதவள்தான் ஆபத்தில் இருப்பவள். மாதந்தோறும் 9-ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் முகாமில் இவர்கள் எல்லோரையும் டாக்டர் முன்னால் உட்காரவைப்போம். 108 தோழர்களே, எங்கே பச்சிளங்குழந்தைப் பிரிவு இருக்கிறது, எங்கே இரவில் ஆபரேஷன் நடக்கும் என்ற பட்டியல் உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கட்டும். மூன்று ஆஸ்பத்திரி மாறிச் சேர்வதற்குள் பிள்ளை போய்விடுகிறது. அங்கன்வாடித் தோழர்களே, சத்துமாவு வாங்க வருகிறவளின் முகத்தையும் விரலையும் பாருங்கள். மோதிரம் எங்கே என்று கேளுங்கள்.

மாதக் கூட்டத்தில் இனி ஒரு கேள்வியை நாமே எழுப்புவோம்: இந்த மாதம் எத்தனை பேரை அளக்க முடியவில்லை, ஏன்? பதிலை மினிட் புத்தகத்தில் ஏற்றச் சொல்வோம்.

தோழர்களே, இந்தக் கடிதத்தை மடித்து வைக்குமுன் எழுந்து போய் உங்கள் பையைத் திறந்து பாருங்கள். பிரஷர் கருவியின் பொத்தானை அழுத்துங்கள். ஓடவில்லையென்றால் இன்றைக்கே பேட்டரி மாற்றுங்கள்.